பல்லைத் தாங்கும் நார் எப்படி உருவாகிறது? அதைக் கட்டும் புரதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும், பல் ஆடுகிறது என்று வருபவர்களும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பல் எலும்போடு ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது?

இல்லை. வேருக்கும் தாடை எலும்பில் உள்ள குழிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. அதன் அகலம் சுமார் 0.15 முதல் 0.38 மில்லிமீட்டர் வரைதான். வேரின் நடுப்பகுதியில் அது மிகக் குறுகல். வயது ஏற ஏற இன்னும் குறுகும். அந்தச் சந்தை நிரப்பியிருக்கும் உயிருள்ள நார்த் திசுவுக்குப் பெயர் பல்சூழ் இணைநார். கல்லூரிகளில் எல்லோரும் பிடிஎல் என்றுதான் சொல்வார்கள். இங்கே இணைநார் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த நார்களின் ஒரு முனை வேரின் மேல் பூச்சாக இருக்கும் சிமென்டத்துக்குள் புதைந்திருக்கும். மறுமுனை எலும்புக்குள் புதைந்திருக்கும். அப்படிப் புதைந்த முனைகளை ஷார்ப்பி நார்கள் என்கிறோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உடற்கூறு கற்பித்த வில்லியம் ஷார்ப்பியின் (1802–1880) பெயர் அது. நார்களில் பெரும்பாலானவை சாய்வாக ஓடுகின்றன. எலும்பில் கட்டிய முனை பல்லின் தலைப்பக்கமாகவும், வேரில் கட்டிய முனை வேர் நுனிப்பக்கமாகவும் இருக்கும். அதனால் நாம் கடிக்கும்போது பல் குழியின் அடியில் போய் இடிப்பதில்லை. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தவரைக் கயிறு தாங்குவதுபோல இந்த நார்கள் பல்லைத் தொங்கவிட்டுத் தாங்குகின்றன.

சோற்றில் ஒரு சின்னக் கல் இருந்தால் பல் உடனே கண்டுபிடித்துவிடும் அல்லவா? அந்த உணர்வில் பெரும்பங்கு இணைநாரில் உள்ள நரம்பு நுனிகளுடையது. போன பல்லுக்குப் பதிலாக எலும்பில் பொருத்தும் டைட்டானியம் இம்ப்ளான்டுக்கு இணைநார் கிடையாது. அது எலும்போடு நேராகப் பிணைகிறது. அதனால் அந்த நுண்ணுணர்வு அதில் அப்படியே வராது.

மேட்ரிக்ஸ் என்கிறார்களே, அது என்ன?

திசு என்றால் வெறும் செல்களின் கூட்டம் அல்ல. செல்கள் தங்களைச் சுற்றிப் புரதங்களையும் சர்க்கரைச் சங்கிலிகளையும் சுரந்து ஒரு பின்னலைக் கட்டி, அதற்குள் குடியிருக்கின்றன. அந்தப் பின்னல்தான் புறச்செல் மேட்ரிக்ஸ். இணைநாரில் இதைக் கட்டுபவை முக்கியமாக ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்.

இதைக் கட்டடத்துக்கு ஒப்பிட்டு, செல்கள் ஆட்கள், மேட்ரிக்ஸ் செங்கல் என்று சொல்வதுண்டு. எனக்கு அந்த உவமை போதாது என்று தோன்றும். செங்கல் கொத்தனாரிடம் பேசாது. மேட்ரிக்ஸ் புரதங்கள் செல்லின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்னும் பிடிகளைப் பற்றிக்கொண்டு, நீ இழுபடுகிறாய், பெருகு, நகர், இந்தப் புரதத்தைச் செய் என்று செல்லுக்குச் செய்தி அனுப்புகின்றன. இணைநார் எப்படி வளர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இருவழிப் பேச்சை மறக்கக் கூடாது.

இணைநார் எதிலிருந்து, எப்போது உருவாகிறது?

எலும்புக்குள் பல் மொட்டாக இருக்கும்போதே அதைச் சுற்றி ஒரு பை இருக்கும். அதற்குப் பல் உறை என்று பெயர். கருவில் நரம்பு முகடு என்னும் பகுதியிலிருந்து முகத்துக்கு நகர்ந்து வந்த செல்களின் வழித்தோன்றல்கள் அதில் உள்ளன. இந்த ஒரே பையிலிருந்துதான் சிமென்டம், இணைநார், குழியின் உட்சுவர் எலும்பு மூன்றும் வருகின்றன. இந்த உறவை நினைவில் வைத்தால் பின்னால் வரும் பல விஷயங்கள் தானாகவே புரியும்.

பல்லின் தலைப்பகுதி உருவாகி முடிந்த பிறகுதான் வேர் வளரத் தொடங்கும். அதற்கு வழிகாட்டுவது ஹெர்ட்விக் உறை என்ற இரட்டை அடுக்குச் செல் திரை. ஜெர்மானிய விலங்கியலாளர் ஆஸ்கர் ஹெர்ட்விக் 1874-ல் விவரித்தது. வேரின் டென்டின் (பல்லின் உடலாக அமையும் கடினத் திசு) கொஞ்சம் உருவானதும் இந்தத் திரை துண்டுதுண்டாகக் கிழிகிறது. கிழிசல் வழியே பல் உறையின் செல்கள் உள்ளே நுழைந்து வேரைத் தொடுகின்றன. தொட்ட செல்கள் சிமென்டம் செய்யும் செல்களாக மாறுகின்றன. சற்றுத் தள்ளி நிற்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் ஆகின்றன. எலும்புச் சுவரை ஒட்டியவை எலும்பு செய்கின்றன. கிழிந்த திரையின் மிச்சங்கள் மலசே செல் தீவுகளாக, பெரியவர்களின் இணைநாரிலும் தங்கிவிடுகின்றன.

நார்கள் முதலிலேயே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கட்டப்படுகின்றனவா?

இல்லை. வேரின் பக்கம் முதலில் பிரஷ் மயிர்போலக் குட்டை நார்கள் நெருக்கமாக முளைக்கின்றன. எலும்புப் பக்கம் தடித்த கற்றைகள் இடைவெளி விட்டு நீள்கின்றன. நடுவில் ஒழுங்கில்லாத மெல்லிய இழைகள் கிடக்கின்றன. பிறகு இரு பக்க நார்களும் நடுவில் சேர்ந்து பின்னிக்கொள்கின்றன. தலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் தொடங்கி வேர் நுனி நோக்கி இந்த வேலை போகும்.

பல் ஈறைக் கிழித்து வெளியே வந்து, எதிர்ப்பல்லோடு மோதத் தொடங்கிய பிறகுதான் கற்றைகள் தடித்து, சாய்வு நிலைத்து, முழுத் தாங்குநாராகின்றன. பாதி வேலையைக் கடிக்கிற பாரமே செய்கிறது என்று மாணவர்களிடம் சொல்வேன். எதிர்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு நீண்ட நாள் விட்டால், வேலையற்றுப்போன பல்லின் இணைநார் மெலிந்து குறுகுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

இதில் எந்தெந்தக் கொலாஜன்கள் உள்ளன?

கொலாஜன் என்பது இந்த நார்களைக் கட்டும் முக்கியப் புரதம். அதிகம் இருப்பது முதலாம் வகைக் கொலாஜன், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. அடுத்து மூன்றாம் வகை. கொலாஜன் மூலக்கூறு மூன்று புரி சேர்த்துத் திரித்த கயிறு போன்றது. அந்தக் கயிறுகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து கற்றை. தேர்வடம் திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிநிலை புரியும்.

குறைந்த அளவில் இருந்தாலும் பன்னிரண்டாம் வகையை நான் தனியாகச் சொல்வேன். அது நாராவதில்லை, முதலாம் வகை நார்களின் மேல் ஒட்டி, பக்கத்து நார்களோடு இணைக்கிறது. வளரும் எலியின் வாயில் அது தொடக்கத்திலேயே தென்படுவதில்லை. பல் முளைத்து, நார்கள் ஒழுங்காக வரிசைப்படும் கட்டத்தில்தான் தலைகாட்டுகிறது. பாரம் வந்த பின் வரும் புரதம் அது.

பெரியோஸ்டின் என்ற புரதம் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இணைநார் ஆராய்ச்சியில் மிகத் தெளிவான கதை அதனுடையது என்பதால்.

1993-ல் ஜப்பானில் சுண்டெலியின் எலும்பு செய்யும் செல்களிலிருந்து இந்தப் புரதத்தைக் கண்டெடுத்தார்கள். எலும்புக்கே உரியது என்று எண்ணி அப்போது வேறு பெயர் வைத்தார்கள். எங்கே அதிகம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், எலும்பைச் சுற்றிய உறையிலும் பல்லின் இணைநாரிலும். எலும்பு உறையை பெரியோஸ்டியம் என்பார்கள். அதனால் 1999-ல் பெரியோஸ்டின் என்று பெயர் மாற்றினார்கள்.

இது இல்லாமல் போனால் என்ன ஆகும்? 2005-ல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. பெரியோஸ்டின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் பிறக்கும்போது பார்க்க நன்றாகவே இருந்தன. பற்கள் முளைத்துக் கடிக்கத் தொடங்கிய பிறகு வந்தது வினை. இணைநார் குலைந்தது, எலும்பு கரைந்தது, இளவயதிலேயே முற்றிய ஈறு நோய் வந்ததைப்போல ஆயிற்று. முன்பல் எனாமலிலும் குறை, உடலும் குள்ளம். அந்தச் சுண்டெலிகளுக்கு மென்மையான உணவு கொடுத்தபோது சிதைவு ஓரளவு குறைந்தது. பின்னால் கடிக்கும் பாரத்தையே நீக்கிப் பார்த்தபோதும் இணைநார் பெருமளவு காப்பாற்றப்பட்டது. அப்படியென்றால் பெரியோஸ்டின் இல்லாமலும் ஒரு மாதிரி நாரைக் கட்டிவிட முடிகிறது. பாரம் தாங்கும் நாரைத்தான் கட்ட முடியவில்லை.

காரணமும் ஓரளவு தெரியும். கொலாஜன் கயிறுகளுக்குக் குறுக்கே முடிச்சுப் போடும் நொதி லைசில் ஆக்சிடேஸ். அதை இயங்கவைக்க இன்னொரு நொதி அதன் ஒரு பகுதியை வெட்டிவிட வேண்டும். அந்த வெட்டும் நொதியைச் சரியான இடத்தில் நிறுத்திக் கொடுப்பது பெரியோஸ்டின். அது இல்லையென்றால் முடிச்சு குறையும். கயிறு இருக்கும், இழுத்தால் நிற்காது. இன்னொரு பக்கம், செல் இழுபடும்போது பெரியோஸ்டின் உற்பத்தி கூடுகிறது. பாரம் வந்தால் பெரியோஸ்டின், பெரியோஸ்டின் வந்தால் பாரம் தாங்கும் நார். இந்தச் சுழற்சி ஒவ்வொரு முறை பாடம் எடுக்கும்போதும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

டெக்கோரின், ஃபைப்ரோமோடுலின் போன்றவை?

இவை சின்னப் புரதங்கள். கொலாஜன் நுண்ணிழைகளின் மேல் ஒட்டி, இழை எவ்வளவு தடிமனாகலாம் என்று அளவு பார்க்கின்றன. டெக்கோரின் இல்லாத சுண்டெலிகளில் இணைநாரின் இழைகள் தாறுமாறான தடிமனோடு வருகின்றன. வெர்சிகான், ஹையலூரோனான் போன்ற பெரிய மூலக்கூறுகள் தண்ணீரைப் பிடித்துவைத்து அதிர்வை வாங்கும் மெத்தையாக உதவுகின்றன.

ஒரு பக்கம் சிமென்டம், மறுபக்கம் எலும்பு. நடுவில் இருப்பது ஏன் கல்லாக இறுகிவிடுவதில்லை?

இது மாணவர்கள் கேட்கும் கேள்விகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது. இரு பக்கமும் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்துகொண்டிருக்க, மயிரிழை அகலமுள்ள சந்து ஆயுள் முழுக்க மென்மையாகவே இருக்கிறது. இது தானாக நடப்பதில்லை. இடைவிடாமல் தடுத்துக்கொண்டே இருப்பதால் நடக்கிறது.

தடுப்பவர்களில் முக்கியமான ஒருவர் பிளாப்-1. ஒசாகா பல்கலைக்கழகத்தினர் 2001-ல் மனித இணைநாரிலிருந்து இதைப் பிரித்து விவரித்தார்கள். மூட்டுக் குருத்தெலும்பை ஆராய்ந்தவர்கள் இதே புரதத்தை ஆஸ்போரின் என்று அழைக்கிறார்கள். எலும்பாகு என்று செல்லைத் தூண்டும் பிஎம்பி-2 என்ற புரதத்தோடு இது பிணைந்து, அந்தத் தூண்டல் செல்லை எட்டாமல் செய்கிறது. மேட்ரிக்ஸ் கிளா புரதமும் சுண்ணாம்புப் படிவைத் தடுக்கிறது. இவற்றோடு பைரோபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு. அது புரதம் அல்ல, ஆனால் படிகம் வளர விடாமல் தடுப்பதில் பலசாலி.

இந்தக் காவல் ஓரிடத்தில் தோற்றுவிட்டால் வேர் எலும்போடு ஒட்டிப் பிணைந்துவிடும். அதைத்தான் அன்கைலோசிஸ் என்கிறோம். அடிபட்டு இணைநார்ச் செல்கள் செத்துப்போன பல்லில் இது வரும். அப்படி ஒட்டிய பல் ஆடாது, நகராது. எலும்பு அதைத் தன்னுடைய பகுதியாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேரைத் தின்று, அந்த இடத்தில் எலும்பை நிரப்பிவிடும்.

என் குழந்தையின் பால்பல் நான்கு வயதுக்கு முன்பே வேரோடு விழுந்துவிட்டது. இதற்கும் மேட்ரிக்ஸுக்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள்.

சாதாரணமாகப் பால்பல் 6 வயதுவாக்கில் விழத் தொடங்கும். கீழே வரும் நிரந்தரப் பல்லுக்கு வழிவிட்டு வேர் கரைந்துபோயிருக்கும். கையில் கிடைப்பது பெரும்பாலும் தலைப்பகுதி மட்டும். அடிபடாமல், சொத்தையும் இல்லாமல், 5 வயதுக்கு முன்பே நீண்ட வேர் அப்படியே இருக்கும் பல் விழுந்தால், அது ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற அரிய மரபுக் குறையின் முதல் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் கீழ் முன்பற்கள்தான் முதலில் விழும்.

மேலே பைரோபாஸ்பேட் சுண்ணாம்புப் படிவைத் தடுக்கும் என்று சொன்னேன். அதை உடைத்து அளவோடு வைப்பது அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. அந்த நொதி குறைந்தால் பைரோபாஸ்பேட் தேங்கும். வேரின் மேல் செல் இல்லாத மெல்லிய சிமென்டம் சரியாகப் படியாது. நார்கள் உருவாகும், ஆனால் வேரில் புதைந்து பிடிக்க இடமிருக்காது. ஆணி அடிக்கச் சுவரில்லாத நிலை. பல் நழுவி விழுந்துவிடும்.

இந்த நொதியைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். ஒரு விஷயம் முக்கியம்: வளரும் குழந்தைகளுக்கு இதன் இயல்பளவு பெரியவர்களைவிட அதிகம். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டால் குறைவு தெரியாமலே போகும். குறைவாக இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விடுவதும் நடக்கிறது. ஆகவே விழுந்த பல்லைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள், குழந்தையின் வயதுக்குரிய அளவோடு ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். எலும்பையும் பாதிக்கும் கடுமையான வகைக்கு, அந்த நொதியையே ஊசியாகத் தரும் அஸ்ஃபோட்டேஸ் ஆல்ஃபா என்ற மருந்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2015-ல் அனுமதி பெற்றது.

சிமென்டம் படிவதற்கு உதவும் இன்னொரு புரதம் எலும்பு சயலோபுரதம். அதை நீக்கிய சுண்டெலிகளிலும் இதே கதை: சிமென்டம் மெலிந்து, நார் வேரிலிருந்து கழன்றுவிடுகிறது. மென்மையாக இருக்க ஒரு கூட்டம், பிடிப்புக்கு ஒரு கூட்டம் என்று இரண்டும் தத்தம் இடத்தில் வேலை செய்தால்தான் பல் நிற்கும்.

இணைநாரில் மீள்தன்மை உள்ள நார்கள் இல்லையா?

தோலில் இருப்பதுபோல முழு மீள்நார்கள் மனித இணைநாரில் அரிது. ஆக்சிடாலன் என்ற நார்கள் உண்டு, 1958-ல் விவரிக்கப்பட்டவை. அவை ஃபைப்ரில்லின் என்ற புரதத்தாலான நுண்ணிழைக் கட்டுகள். மீள்நாருக்குச் சாரம் கட்டியதோடு நின்றவை என்று சொல்லலாம். அவை பெரும்பாலும் வேர் நீளவாக்கில், ரத்தக் குழாய்களை ஒட்டி ஓடுகின்றன. ஃபைப்ரில்லின்-1 மரபணுவில் கோளாறு இருந்தால், இதயம் உட்பட உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் மார்ஃபான் நோய் வரும். அந்த நோயுள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் கடுமையாவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். அவர்களின் இதய வால்வைப் பார்க்கும் அதே அக்கறையோடு பல்லையும் பார்க்க வேண்டும்.

வைட்டமின் சி குறைந்தால் பல் ஆடும் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் கடுமையான குறைபாட்டில். கொலாஜனின் மூன்று புரிகளும் முறுக்கு அவிழாமல் நிற்க, அவற்றில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலக் கண்ணிகளில் ஒரு வேதி மாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. இணைநாரின் கொலாஜன் தோலிலோ ஈறிலோ உள்ளதைவிட வேகமாக அழிந்து, வேகமாகப் புதிதாகிறது. ஒரே ஃபைப்ரோபிளாஸ்ட் பழைய நாரை விழுங்கிக்கொண்டே புதிய நாரையும் நூற்கும். அழிவு தொடர்ந்து நடக்க, புதியது மட்டும் சரியாக வராவிட்டால் முதலில் தளர்வது இங்கேதான். நெடுங்கடல் பயண மாலுமிகளின் பற்கள், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஆடி விழுந்தது இதனால்தான். 1747-ல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில் 12 ஸ்கர்வி நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள்.

சரி, இன்றைக்கு ஈறில் ரத்தம் வந்தால் நெல்லிக்காய் சாப்பிட்டால் போதுமா? போதாது. பெரும்பாலானோருக்கு அது பல்லில் படிந்த அழுக்கும் கிருமியும் செய்கிற வேலை. நெல்லிக்காய் சாப்பிடுங்கள், நல்லது; பல்லைச் சுத்தமும் செய்துகொள்ளுங்கள்.

கிளிப் கழற்றிய பிறகும் ரிடெய்னர் போடச் சொல்வது ஏன்?

ரிடெய்னர் என்பது நகர்த்திய பல்லைப் புது இடத்திலேயே பிடித்துவைக்கும் கருவி. கிளிப் பல்லை நகர்த்தும்போது இழுபடும் பக்கத்தில் நாரும் எலும்பும் வளர்கின்றன. அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. புது இடத்தில் இணைநார் ஒழுங்கடைய 3 முதல் 4 மாதம் பிடிக்கும். ஈறின் கொலாஜன் நார்களுக்கு 4 முதல் 6 மாதம். பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறில் உள்ள மீள்நார்கள் ஒரு வருடம் கழித்தும் பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கும். குறிப்பாகத் திருகியிருந்த பற்கள் திரும்பிவிடும். சொன்ன காலம் முழுக்க ரிடெய்னரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளையாட்டில் விழுந்த நிரந்தரப் பல்லைத் திரும்ப வைக்கலாமா?

வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் நேரம் குறைவு. பல் பிடுங்கிக்கொண்டு வரும்போது இணைநார் நடுவில் அறுகிறது. பாதி வேரிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் செல்கள் உயிரோடிருந்தால் திரும்பவும் நாரைப் பின்னும். உலர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் பெரும்பாலும் அவை செத்திருக்கும். பிறகு வைத்தாலும் மேலே சொன்ன அன்கைலோசிஸ்தான்.

தலைப்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில நொடி அலசுங்கள். தேய்க்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். முடிந்தால் அங்கேயே குழியில் வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு, பல் மருத்துவரிடம் ஓடுங்கள். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். செல்கள் உப்பி வெடித்துவிடும். இளநீரையும் ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுபோல் இல்லை, அதன் புளிப்புத்தன்மை ஒரு தடை. பால் எந்தத் தெருவிலும் கிடைக்கும். பால்பல்லாக இருந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது; கீழே இருக்கும் பல்லைப் பாதிக்கும்.

ஈறு நோயில் அழிந்த இணைநாரைத் திரும்ப வளர்க்க முடியுமா?

சில இடங்களில், ஓரளவு முடியும். குணப்படும்போது ஈறின் மேல்தோல் செல்கள் வேகமாக ஓடி வேரை மூடிவிடுவதுதான் முதல் சிக்கல். 1980-களில் ஸ்வீடனில் ஒரு மெல்லிய சவ்வை நடுவில் வைத்து அவற்றைத் தடுத்தார்கள். இணைநார்ச் செல்களுக்கு இடமும் நேரமும் கிடைத்தபோது புதிய சிமென்டமும் புதைந்த நாரும் வந்தன.

அடுத்து வந்தது எனாமல் மேட்ரிக்ஸ் புரதம். வேர் உருவாகும்போது ஹெர்ட்விக் உறையிலிருந்து எனாமல் வகைப் புரதங்கள் வேரின் மேல் படிந்து சிமென்டத்தைத் தொடங்கிவைக்கின்றன என்பது ஸ்வீடனின் லார்ஸ் ஹம்மார்ஸ்ட்ரோமும் அவருடன் இருந்தவர்களும் வைத்த கருத்து. வளரும் பன்றிப் பற்களிலிருந்து எடுத்த அந்தப் புரதம் எம்டோகெய்ன் என்ற பெயரில் ஜெல்லாகக் கிடைக்கிறது. சுத்தம் செய்த வேரில் அதைப் பூசுகிறோம். பன்றியிலிருந்து வருவது என்பதால், சமய நம்பிக்கையோ உணவு நெறியோ உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சிலர் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

2004-ல் பிடுங்கிய ஞானப்பற்களின் இணைநாரிலேயே மூலசெல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை) இருப்பதைக் காட்டினார்கள். எலிகளுக்குள் அவற்றை வைத்தபோது சிமென்டமும் இணைநாரும் போன்ற அமைப்பு உருவானது. ஜப்பானில் 2016-ல் எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிப் புரதம் ஈறு நோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது.

எலும்பு குறுகலான ஆழமான பள்ளமாகக் கரைந்திருந்தால் இவையெல்லாம் நன்றாகக் கைகொடுக்கும். பள்ளத்தின் சுவர்கள் புதுத் திசுவுக்கு அணைப்பாக நிற்கும். எல்லாப் பல்லைச் சுற்றியும் எலும்பு மட்டமாக இறங்கிவிட்டவர்களுக்கு அந்த அணைப்பு இல்லை. அவர்களிடம் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நான் சொல்வதில்லை. அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொண்டு, புகையை விட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால், மிச்சமிருக்கும் நாரைப் பல ஆண்டுகள் காப்பாற்றிக்கொள்ள முடிகிறது.